போர்டைக் கழட்டின கதை

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிரியாணியை ஒரு கட்டு கட்டிட்டு, குட்டித்தூக்கம் போடலாம்னு பாயை விரிச்ச நேரத்துல வாசல்ல பைக் சத்தம். தங்கமணியோட அக்கா பையன். கையில லேப்டாப், மூஞ்சியில பல்பு.

"சித்தப்பா, டிடெக்டிவ் ஏஜென்சி ஆரம்பிக்கிறேன். வெப்சைட்டுக்கு மேட்டர் வேணும். நீங்கதான் அந்தக் காலத்துல விளம்பரம் எல்லாம் எழுதுவீங்களாமே, சித்தி சொன்னாங்க. கிளையண்ட் அப்படியே அள்ளணும்"னான்.

(அந்தக் காலத்துலயாம். அடேய், எனக்கு இன்னும் பாதி முடி கருப்புதான்டா!)

அவனே ஒரு பேப்பர்ல கொஞ்சம் எழுதி வெச்சிருந்தான். '100 சதவீத வெற்றி உத்தரவாதம்.' 'செல்போன் கால் லிஸ்ட் எடுத்துத் தரப்படும்.' 'வீட்டை விட்டுச் சென்றவர்களை 48 மணி நேரத்தில் கண்டுபிடித்துத் தருகிறோம்.' முதல் ரெண்டு வரிக்கு சிரிச்சேன். மூணாவது வரியைப் படிச்சதும் தூக்கம் கலைஞ்சிடுச்சு. ஏன்னா அந்த வரியை, 48 மணி நேரம் மட்டும் இல்லாம, 2005-ல நானே எழுதியிருக்கேன்.

கொசுவத்தியைக் கொளுத்திக்கறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க மக்களே.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, போலீஸ்ல ஸ்பெஷல் பிராஞ்ச்ல இருந்து சப்-இன்ஸ்பெக்டரா ரிடையர் ஆனவர். வேலையில இருந்த பாதி நாள் யூனிபார்மே போடலை. கூட்டத்துல நிக்கணும், கேக்கணும், வந்து எழுதிக் குடுக்கணும். அதுதான் வேலை. ரிடையர் ஆகி ஆறு மாசம் வீட்ல உக்காந்தார். அத்தை தாங்க முடியாம, "ஏதாவது பண்ணித் தொலைங்களேன்"னு சொன்னதோட விளைவுதான் கோடம்பாக்கத்துல ஒரு மாடி ரூமும், ரெண்டு மேஜையும், ஒரு பி.எஸ்.என்.எல். போனும்.

நான் அப்போ திருவல்லிக்கேணியில ஒரு டி.டி.பி. சென்டர்ல ஆணி புடுங்கிட்டு இருந்தேன். பேஜ்மேக்கர்ல கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி. மாமாவுக்கு விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், விளம்பரம் எல்லாத்துக்கும் ஓசி ஆள் நான்தான். எனக்கோ தலைகால் புரியலை. சின்ன வயசுல இருந்து சுபாவோட நரேன் - வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரோட பரத் - சுசீலான்னு படிச்சு வளந்தவன். 'ஈகிள்ஸ் ஐ', 'மூன்லைட்'னு ஏஜென்சி பேர்லயே ஒரு கெத்து இருக்கும். மாமா கடைசியில தன் பேரோட இனிஷியலை வெச்சு 'விசாரணை நிலையம்'னு போடச் சொன்னார். சப்புன்னு போச்சு.

இதுல லைசென்ஸ் வாங்கற வேலை கிடையாது. நம்ம நாட்ல வாட்ச்மேன் அனுப்பற செக்யூரிட்டி கம்பெனிக்கு 2005-ல சட்டம் வந்துச்சு. துப்பறியற கம்பெனிக்கு வரலை. 2007-ல மாநிலங்களவையில ஒரு மசோதா கொண்டு வந்தாங்க, அது சட்டமாகவே இல்லை. அதனால யார் வேணா போர்டு மாட்டலாம். மாமா மாதிரி முப்பது வருஷம் அதே வேலை பார்த்தவரும், நேத்து வரைக்கும் ரியல் எஸ்டேட் புரோக்கரா இருந்தவனும் கிளையண்ட் கண்ணுக்கு ஒண்ணுதான். வித்தியாசத்தை எதை வெச்சு காட்டறது?

நான் போர்டை வெச்சு காட்டலாம்னு நெனச்சேன். எட்டடிக்கு நாலடி ஃபிளெக்ஸ். கறுப்பு பேக்ரவுண்ட், நடுவுல ஒரு பெரிய கண்ணு. (அமெரிக்காவுல 1850-கள்ல பிங்கர்ட்டன்னு ஒருத்தர் ஆரம்பிச்ச கம்பெனியோட சின்னமும் தூங்காத கண்ணுதான். பின்னாடிதான் தெரிஞ்சுது. அன்னைக்கு நான் எடுத்தது டி.டி.பி. சிடியில இருந்த ஓசி கிளிப் ஆர்ட்.) கீழ சிவப்பு எழுத்துல 'கணவர் / மனைவி மீது சந்தேகமா?' மாமா அந்த வரியை மட்டும் எடுக்கச் சொல்லிட்டார். "இல்லாத சந்தேகத்தை நாம போய் கெளப்பக்கூடாதுடா"ன்னார். எனக்கு கோபம். பல்பொடிக்காரன் பல்லுவலியைப் பத்தி பேசாம என்னத்த விப்பான்?

போர்டு மாட்டி ஒரு மாசம் ஒருத்தரும் மாடி ஏறலை. மாமா ஜன்னலோரம் உக்காந்து பேப்பர் படிச்சிட்டே இருப்பார். ஒருநாள் சாயங்காலம், "எதிர்த்த டீக்கடையில பச்சைக் குடை வெச்சிட்டு ஒரு அம்மா நிக்குது பாரு. நேத்தும் வந்துது. முந்தாநேத்தும் வந்துது. டீ குடிக்கலை. நம்ம போர்டைப் பாக்குது, ரோட்டைப் பாக்குது, போயிடுது"ன்னார்.

"போய் கூட்டிட்டு வரட்டுமா மாமா?"

"மடையா. போர்டைக் கழட்டு."

அவ்வளவு பெரிய கண்ணுக்குக் கீழ இருக்கிற படியில, தெரிஞ்சவங்க யாராவது பாத்துட்டா என்னன்னு பயந்துதான் அந்தம்மா ஏறலை. அது உறைக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. அதே மாடியில ஒரு பல் டாக்டரும், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டும் இருந்தாங்க. மாமா ரோட்டுப் பக்கம் இருந்ததை எல்லாம் எடுத்துட்டு, ரூம் கதவுல ஒரு சின்ன பித்தளை பிளேட் மட்டும் அடிச்சார். நோட்டீஸ்ல, 'பல் மருத்துவர் மாடி'ன்னு அடையாளம் போடச் சொன்னார். யாராவது கேட்டா பல்லுவலின்னு சொல்லிக்கலாம் பாருங்க. பச்சைக் குடை அம்மா அடுத்த வாரம் ஏறிட்டாங்க. மாமாவோட முதல் கிளையண்ட் அவங்கதான். என்ன கேஸ்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மாமா சொல்லவே இல்லை.

ஃபிளெக்ஸை எங்க வீட்டு மொட்டை மாடியில வத்தல் காயப் போட அம்மா ரொம்ப நாள் வெச்சிருந்தாங்க. வெண்டைக்காய் வத்தலுக்கு நடுவுல ஒரு கண்ணு முழிச்சிட்டு கெடக்கும் :-)

பேப்பர் விளம்பரம் வேற கூத்து. ஞாயித்துக்கிழமை மணமகன் - மணமகள் தேவை பக்கத்துல மூணு வரி போட்டோம். திங்கக்கிழமை காலையில இருந்து போன் விடாம அடிச்சுது. முக்காவாசி என்ன தெரியுமா? வேலை கேட்டு! "சார், நான் ராஜேஷ்குமார் நாவல் எல்லாம் படிச்சிருக்கேன், துப்பாக்கி குடுப்பீங்களா?" மிச்சத்துல பாதி, ஒரு பொண்ணு நம்பர் வேணும்னு கேட்ட பசங்க. ஒருத்தர் தன் நாய் காணோம்னார். நிஜமான கேஸ் ஒண்ணோ ரெண்டோ தேறும். அதுலயும், "யோசிச்சு சொல்றேன்"னு போனை வெச்சவங்க திரும்பக் கூப்பிடறது அபூர்வம்.

மத்த தொழில்ல ஒரு கிளையண்ட் சந்தோஷமாப் போனா நாலு பேர்கிட்ட சொல்வார். ஓட்டல், டெய்லர், ஏன், நம்ம பதிவுகூட நாலு பேர் சொல்லித்தான் ஓடுது. இந்தத் தொழில்ல வேலை எவ்வளவு நல்லா முடியுதோ அவ்வளவுக்கு கிளையண்ட் வாயைத் திறக்க மாட்டார். கல்யாண வீட்ல மாமாவைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. மாமாவும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டார். அத்தைக்கு இது பெரிய மனத்தாங்கல். "ஊருக்கு உழைக்கிறாரு, ஒருத்தர் வணக்கம் சொல்றதில்லை"ம்பாங்க.

அப்ப கிளையண்ட் எங்கிருந்து வந்தாங்கன்னா, ரகசியத்தைத் தொழிலா வெச்சிருக்கிற மத்தவங்க மூலமாத்தான். முக்கியமா வக்கீல்கள். ஐகோர்ட் வளாகத்துல குடும்ப நீதிமன்றம் பக்கம் மாமா வாரத்துல ரெண்டு நாள் சும்மா போய் காபி குடிச்சிட்டு வருவார். வக்கீலுங்க விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. விளம்பரம் பண்ணலாம்னு இருக்கிற மாமா, பண்ணக்கூடாதுன்னு இருக்கிற வக்கீலை நம்பித்தான் பொழைச்சார். நல்லா இருக்குல்ல? சில வக்கீலுங்க கமிஷன் கேப்பாங்க. மாமா குடுத்தார், முணுமுணுத்துட்டே. இன்சூரன்ஸ் கம்பெனி விபத்து கிளெய்ம் விசாரணை, ஐ.டி. கம்பெனி ஆள் எடுக்கும்போது சர்டிபிகேட் சரிபார்க்கிறதுன்னு கொஞ்சம் வந்துது. வேலை சுலபம், ஆனா பில் பாஸாக மூணு மாசம் ஆகும். வாடகை மூணு மாசம் காத்திருக்குமா?

மாசாமாசம் சோறு போட்டது கல்யாண விசாரணைதான். அதுக்கு ஒரு கல்யாணத் தரகர் கிடைச்சிருந்தார். மேற்கு மாவட்டத்துல வசதியான குடும்பங்களுக்கு வரன் பார்க்கிறவர். மாசம் நாலு, அஞ்சு கேஸ் அனுப்புவார். சென்னையில வேலை பார்க்கிற மாப்பிள்ளை நிஜமாவே அந்த வேலையில இருக்காரா, தண்ணி உண்டா, கடன் உண்டா. மாமா மாப்பிள்ளையை ஃபாலோ எல்லாம் பண்ண மாட்டார். நேரா அந்தத் தெரு இஸ்திரி வண்டிக்குப் போவார். அப்புறம் மளிகைக்கடை. எந்த வீட்ல துணி அஞ்சாந்தேதி கடனாப் போகுது, யார் வாரத்துல நாலு நாள்தான் வேலைக்குச் சட்டை போடறாங்கன்னு இஸ்திரிக்காரருக்குத் தெரியாததா? பாத்ததை மட்டும் ஒண்ணரைப் பக்கம் எழுதுவார். 'கேள்விப்பட்டோம்'ங்கற வார்த்தை ரிப்போர்ட்ல வரவே கூடாது. டைப் அடிச்சது நான்தானே, எத்தனை தடவை அந்த வார்த்தையை அடிச்சு திட்டு வாங்கியிருக்கேன்.

மாமாகிட்ட வியாபாரத்தைக் கெடுக்கிற பழக்கம் ஒண்ணு இருந்துது. எந்த கேஸ் வந்தாலும், அட்வான்ஸ் கை மாறறதுக்கு முன்னாடி, "சரி, தெரிஞ்சா என்ன பண்ணப் போறீங்க?"ம்பார். பாதி பேர் அந்தக் கேள்வியிலேயே எழுந்து போயிருக்காங்க. ஒருத்தர் அழுதுட்டு வீட்டுக்குப் போய் பொண்டாட்டிகிட்டயே நேரா கேட்டுட்டார். மாமாவுக்கு அன்னைக்கு வருமானம் பூஜ்யம். நான் தலையில அடிச்சுக்குவேன்.

இப்ப 2005. ரெண்டு மாச வாடகை பாக்கி. ஹவுஸ் ஓனர் மாடிப்படி லைட்டை அணைச்சு வெச்சு சிக்னல் குடுக்க ஆரம்பிச்சுட்டார். கல்யாண விசாரணை சீசனும் இல்லை. நான்தான் சொன்னேன், "மாமா, புதுசா ஒரு விளம்பரம் போடலாம். வீட்டை விட்டுச் சென்றவர்களைக் கண்டுபிடித்துத் தருகிறோம்னு." மாமா அரைமனசா சரின்னார். ஞாயித்துக்கிழமை வந்துது. செவ்வாய்க்கிழமை ஒருத்தர் நேர்லயே வந்தார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அம்பது வயசு. கூட ரெண்டு பேர், அவங்க உக்காரவே இல்லை. பொண்ணுக்கு இருபத்திரெண்டு வயசு, செல்போன் ரிப்பேர் பண்ற பையனோட போயிட்டா, நாலு மாசம் ஆச்சு, சென்னையிலதான் இருக்கான்னு தகவல். தரகர் பேரைச் சொன்னார், நம்ம தரகரையும் தெரியுமாம். மாமா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "கூட்டிட்டு வந்து, ஊரறிய நல்லபடியா பண்ணி வெச்சிடுவேங்க. ஒத்தப் பொண்ணு"ன்னு சொல்லிட்டு துண்டை எடுத்து கண்ணைத் தொடைச்சார். நான் நம்பினேன். மாமாவும் நம்பினார்னுதான் நெனைக்கிறேன். இருபதாயிரம் அட்வான்ஸ். எண்ணிப் பாத்த மாமா கை லேசா நடுங்கினதைப் பாத்தேன்.

கண்டுபிடிக்க ரெண்டே நாள். "செல்போன் ரிப்பேர் பண்றவன் எந்த மூலையில கடை போட்டாலும் ஸ்பேர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் வந்தாகணும்டா"ன்னார். போட்டோவோட அங்க போய் நின்னோம். ரெண்டாவது நாள் பதினோரு மணிக்கு பையன் வந்தான். என் டி.வி.எஸ். விக்டர்லயே பின்னாடி போனோம். பல்லாவரம் தாண்டி ஒரு சந்துல ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு போர்ஷன். வாசல்ல கோலம். எனக்கு பெருமை தாங்கலை. என் விளம்பரம், முழுசா பலிச்ச முதல் கேஸ்!

சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து மாமா அந்த அப்பாவுக்கு போன் போட்டார். முதல்ல, "தடம் கிடைச்சிருக்கு"ன்னு மட்டும்தான் சொன்னார். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் கேட்டுட்டே இருந்தார். ரிசீவரை வெச்சிட்டு ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருந்தார்.

"என்ன மாமா?"

"அட்ரஸ் மட்டும் குடுங்க, நீங்க அந்தப் பக்கம் போகாதீங்கங்கறாரு. வீட்டுக்கு எத்தனை வாசல்னு கேக்கறாரு. பையன் ராத்திரி எத்தனை மணிக்கு வர்றான், பக்கத்துல வீடு நெருக்கமா இருக்கா, நாய் இருக்கான்னு கேக்கறாரு." கொஞ்ச நேரம் கழிச்சு, "பொண்ணு எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கலைடா"ன்னார்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான், 2003 ஜூலையில, விருத்தாசலம் பக்கம் கண்ணகி - முருகேசன் கொலை. ஒளிஞ்சிருந்தவங்களைத் தேடிக் கூட்டிட்டு வந்து விஷம் குடுத்துக் கொன்னாங்க. அந்தக் கேஸ்ல கடலூர் கோர்ட் தீர்ப்பு வர 2021 ஆச்சு. உச்ச நீதிமன்றம் 2025-லதான் அதை உறுதி பண்ணுச்சு. இதெல்லாம் பின்னாடி. அன்னைக்கு ராத்திரி எங்களுக்குத் தெரிஞ்சது, மாமா நோட்டுல ஒரு அட்ரஸ் இருக்கு, அது வேணும்னு ஒருத்தர் காத்திருக்கார்ங்கறது மட்டும்தான்.

மறுநாள் காலையில பையன் கடைக்குப் போனதும் பல்லாவரம் போனோம். மாமா செருப்பை வெளியவே விட்டுட்டு வாசல்படியில உக்காந்துட்டார். அந்தப் பொண்ணு கதவைப் பாதி சாத்திட்டு நின்னுச்சு. "பயப்படாதம்மா, நான் ரிடையர்டு போலீஸ். உங்கப்பா என்னை வெச்சு தேடினாரு. நான் ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சேன். நான் சொல்ல மாட்டேன். ஆனா அடுத்து வர்றவனுக்கு மூணு நாள் ஆகும், அவ்வளவுதான்"னார். ரெஜிஸ்டர் பண்ணின சர்டிபிகேட் இருக்கான்னு கேட்டார், இருந்துது. கமிஷனர் ஆபீஸ்ல மனு குடுக்க யாரைப் பாக்கணும்னு ஒரு வக்கீல் பேர் எழுதிக் குடுத்தார். "பையனை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அனுப்பாத. முதல்ல வீட்டை மாத்துங்க"ன்னார். அந்தப் பொண்ணு எல்லாத்துக்கும் தலையாட்டுச்சு. நாங்க கிளம்பும்போதுதான் வாயைத் திறந்துச்சு. "அப்பா பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடறாரா சார்?"

மாமா பதில் சொல்லலை.

மூணு நாள் கழிச்சு அப்பாவை வரச் சொல்லி இருபதாயிரத்தைத் திருப்பிக் குடுத்தார். "தடம் தப்பாப் போச்சு. என்னால முடியலை. வயசாயிடுச்சு"ன்னார். உக்காராத ரெண்டு பேர்ல ஒருத்தன், "பேப்பர்ல மட்டும் பெருசா போடறீங்க?"ன்னு கேட்டான். அந்த வரியை எழுதினவன் மேஜைக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்தேன். அட்வான்ஸ்ல வாடகைக்கு எடுத்திருந்த ஆறாயிரத்தை ஈடுகட்ட அத்தையோட வளையல் ரெண்டு அடகுக்குப் போச்சு.

அதோட முடியலை. அந்தாளு ஊர்ல போய், 'அந்த போலீஸ்காரன் ஒண்ணுக்கும் லாயக்கில்லை'ன்னு சொல்லிட்டார். இந்தத் தொழில்ல சந்தோஷமாப் போன கிளையண்ட் வாயைத் திறக்க மாட்டார்னு சொன்னேன்ல, இவர் திறந்தார். தரகர்கிட்ட இருந்து அடுத்த மாசம் ஒரு கேஸ், அதுக்கடுத்த மாசம் அதுவும் இல்லை. மாமா சமாதானம் சொல்லப் போகலை. என்னன்னு சொல்வார்? அவர் பண்ணினதுலேயே நல்ல வேலை அது, அதை ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியாது. தோத்துட்டேன்னே சொல்லிட்டுத் திரிஞ்சார். அதுக்கப்புறமும் எட்டு வருஷம் ஓட்டினார், வக்கீலுங்க புண்ணியத்துல, ஒரு மேஜையா சுருக்கிட்டு. 'வீட்டை விட்டுச் சென்றவர்கள்' விளம்பரம் மட்டும் மறுபடி போடலை. அப்படிப்பட்ட கேஸ் வந்தா, பதினெட்டு தாண்டினவங்கன்னா, "தகவல் மட்டும் குடுங்க, நான் அவங்ககிட்ட கேட்டுட்டு, அவங்க சரின்னா மட்டும் சொல்றேன்"ம்பார். நெறைய பேர் எழுந்து போயிடுவாங்க.

மாமா போய் ஆறு வருஷம் ஆச்சு. ஃபைலை எல்லாம் கொளுத்தச் சொல்லிட்டுத்தான் போனார். கொளுத்திட்டேன். அந்தப் பொண்ணும் பையனும் இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியாது. தேடவும் இல்லை.

இதெல்லாம் அக்கா பையன்கிட்ட சொன்னேன். பிரியாணி வாசனை போகற வரைக்கும் கேட்டுட்டு இருந்தான். அப்புறம் பேனாவை எடுத்தேன். கால் லிஸ்ட் வரியை முதல்ல அடிச்சேன். அப்படி வாங்கி வித்ததுக்காக 2018-ல தாணே போலீஸ் துப்பறிவாளர்களையே பிடிச்சு உள்ள வெச்சாங்க, தெரியுமாடான்னேன். "இல்ல சித்தப்பா, போன வருஷம் 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டே ரகசியமா ரெக்கார்ட் பண்ணது செல்லும்னு..."ன்னு இழுத்தான். அது புருஷன் பொண்டாட்டி பேசினதை அவங்கள்ல ஒருத்தரே பதிவு பண்ணி விவாகரத்துக் கேஸ்ல சாட்சியாக் குடுத்தது, நீ ஊரான் போனை ஒட்டுக் கேக்கிறதுக்கு லைசென்ஸ் இல்லைன்னேன். 100 சதவீதத்தையும் அடிச்சேன். 48 மணி நேரத்தை ரெண்டு கோடு போட்டு அடிச்சேன்.

மிச்சம் இருந்தது அவன் பேரு, போன் நம்பர், 'கல்யாண விசாரணை, வேலை நியமன விசாரணை, கேட்டதை வெளியே சொல்ல மாட்டோம்.' அவ்வளவுதான்.

பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "இப்படிப் போட்டா யார் சித்தப்பா வருவா?"

"ஆபீஸ் எங்க பாத்திருக்க?"ன்னேன்.

"மெயின் ரோடு மேலயே. செம இடம். போர்டுக்கே பத்தடி இருக்கு."

"பக்கத்துல பல் டாக்டர் யாராவது இருக்காங்களா பாரு"ன்னுட்டு பாயை மறுபடி விரிச்சேன்.

டிஸ்கி: ஊர், தொழில், ஏரியா சிலதை மாத்தித்தான் எழுதியிருக்கேன். பின்னூட்டத்துல யாரும் துப்பறிய வேணாம், ப்ளீஸ்.